பழைய இசைத்தட்டு வாங்குகிறீர்களா? சொன்னதை எழுதி வாங்குங்கள்

இளையராஜாவின் எல்.பி. தட்டு ஒன்றைத் தேடி இறங்குங்கள். எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட அதே தட்டுக்கு ஒருவர் ஒரு விலை சொல்வார். அடுத்தவர் அதைப்போல் மூன்று மடங்கு கேட்பார். ‘கண்டிஷன் சூப்பர் சார்’ என்று மட்டும் இரண்டு பேருமே சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முள்ளை வைத்த பிறகுதான் உண்மை காதில் விழும். அந்த நேரத்தில் உங்களிடம் பில் இல்லை, விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை என்றால், சட்டம் உங்கள் பக்கம் நின்றும் பயனில்லை. இசைத்தட்டு வியாபாரத்தில் நான் பார்த்த பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த ஓர் இடத்தில்தான் நடக்கின்றன.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கடைக்குப் போனால் தட்டைப் போட்டுக் காட்டுவார்கள், கேட்டுவிட்டு வாங்கலாம். அப்படி வாங்க முடிந்த இடங்களில், சென்னையின் பழைய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் அழிந்தது. மும்பை காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட், டெல்லி ஜும்மா மசூதியை ஒட்டிய மீனா பஜார் போன்ற இடங்கள் இன்னும் தேடுபவர்களை இழுக்கின்றன. ஆனால் கடைகள் குறையக் குறைய, வியாபாரம் இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கும் போய்விட்டது. அங்கே கிடைப்பது அட்டையின் போட்டோ ஒன்று. ‘முதலில் பணம் போடுபவருக்கு’ என்ற அவசரமும் கூடவே வரும்.

ஆகவே போட்டுக் காட்டும் கடை இன்றைக்கும் பொன்னானது. ஐம்பது, நூறு கூடக் கேட்டாலும் அங்கேயே வாங்குங்கள் என்பேன். தட்டைக் கையில் வாங்கியதும், ஓரத்தை மட்டும் பிடித்து, டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத கோடுகள் சாய்வில் தெரியும். கீறல் மேல் விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள். தட்டுப்பட்டால் முள்ளுக்கும் தட்டுப்படும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பல கைகள் பலமுறை போட்ட தட்டு அது. கண் மட்டத்தில் வைத்துச் சுழற்றினால் வளைவு தெரிந்துவிடும். ஓடவிட்டுக் கேட்கும்போது ஒரு கணக்கு உதவும். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ‘டக்’ என்ற ஒலி அதே இடைவெளியில் ஒழுங்காக வந்தால் அது கீறல், போகாது. இடைவெளி இல்லாமல் படபடவென்று பொரிந்தால் பெரும்பாலும் தூசு, கழுவினால் குறையக்கூடும். லேபிளுக்கும் பாட்டின் முடிவுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தில் எண்கள் பொறித்திருக்கும். அவற்றைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இது எந்த அச்சு என்று பிறகு தகராறு வந்தால் அந்த எண்தான் பேசும்.

தரத்தைச் சொல்லும் குறியீடுகளிலும் கவனம் வேண்டும். உலகம் முழுக்க விற்பவர்கள் கோல்ட்மைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் தர வரிசையைப் பின்பற்றுகிறார்கள். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், புவர் என்று அது இறங்கும். இந்த வரிசையில் ‘குட்’ என்பது கீழிருந்து இரண்டாவது. பாட்டு ஓடும், ஆனால் இரைச்சலோடு ஓடும். புதிதாக வாங்குபவர்கள் இதை நம் பேச்சு வழக்கில் படித்துவிட்டுப் பணம் போடுகிறார்கள். தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று தனித்தனியே கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொன்னதா, ஓடவிட்டுக் கேட்டுச் சொன்னதா என்றும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்கச் சொல்வதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழைய பொருள், புதிய பொருள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ‘செகண்ட் ஹேண்டுக்கு எந்தச் சட்டமும் கிடையாது’ என்று கடைக்காரர் சொன்னால் அது தவறு. குறைபாடு என்பதை அந்தச் சட்டத்தின் 2(10) பிரிவு விளக்கும்போது, வியாபாரி எந்த வகையில் உறுதி கூறியிருந்தாலும் அந்தத் தரத்துக்குக் கீழே பொருள் இருப்பதையும் குறைபாடாகச் சேர்க்கிறது. ‘கீறல் உள்ள தட்டு, இருக்கிற நிலையில் விற்கிறேன்’ என்று சொல்லி விற்றால் கீறல் குறைபாடாகாது. ‘நியர் மின்ட்’ என்று சொல்லி அதே தட்டை விற்றால் குறைபாடு. அளவுகோலை வைத்தவர் விற்றவரே. அதனால்தான் அவர் வார்த்தை எழுத்தில் வேண்டும்.

அதே சட்டத்தின் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறைகளைச் சொல்கிறது. பழையதைப் புதியது என்று விற்பது அதில் வரும். தரத்தையும் வகையையும் பற்றிப் பொய் சொல்வதும் வரும். புதிதாகப் பித்தளைக் குழாய் பொருத்திய கிராமபோனை வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்று தலையில் கட்டுவதை இதன்கீழ் கேள்வி கேட்கலாம். பில் தராமல் இருப்பதும் நேர்மையற்ற நடைமுறையே. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதியிருப்பது குறையுள்ள தட்டுக்குச் செல்லாது. மனம் மாறிப்போய்த் திருப்பித் தருவதற்கு இந்த உரிமை கிடையாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. விற்பனைத் தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லாவிட்டால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் வாரந்தோறும் தட்டுகள் போட்டு விற்பவர், ‘நான் கடை வைத்திருக்கவில்லை, இது என் பொழுதுபோக்கு’ என்பார். தொடர்ச்சியாக, முறையாக நடத்தும் வியாபாரம் என்றால் தனிநபராக இருந்தாலும் இந்த விதிகளிலிருந்து அவர் நழுவ முடியாது.

சொன்ன வார்த்தைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் பழைய ஆல்பங்களை உயர்தரத்தில் மறுபடி அச்சிட்டு அதிக விலைக்கு விற்றது. மூல ஒலிநாடாவிலிருந்து நேரடியாக, அனலாக் முறையில் செய்தவை என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை 40,000 பிரதிகள் அச்சிடப்போவதாக அறிவித்ததும் பலருக்குச் சந்தேகம் வந்தது. ஒரே மூலநாடாவை இத்தனை முறை ஓடவிட முடியுமா? 2022 ஜூலையில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர், நடுவில் டிஜிட்டல் படி ஒன்று இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனத்தின் பொறியாளர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2.5 கோடி டாலரில் சமரசம் ஆனது. தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம், வைத்துக்கொண்டு விலையில் ஒரு பங்கைப் பெறலாம். ஒலி மோசம் என்பதல்ல வழக்கு. செய்முறையைப் பற்றிய உண்மையை மறைத்தார்கள் என்பதே வழக்கு. தான் விற்கும் சரக்கைப் பற்றியே கேள்வி எழுப்பிய அந்தக் கடைக்காரர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நம் ஊரிலும் ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு, 2019 சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் ஒரே புகாராகக் கொடுக்கலாம்.

நுகர்வோர் சட்டம் எட்டாத ஓர் இடமும் இருக்கிறது. சேகரிப்பாளர் ஒருவர் தன் அலமாரியிலிருந்து ஒரே ஒரு தட்டை உங்களுக்கு விற்கிறார் என்றால் அவர் வியாபாரி அல்ல. அங்கே 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் கைகொடுக்கும். விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதன் 15-ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்குபவரையும் நுகர்வோராகச் சட்டம் ஏற்காது, சுயதொழில் செய்து அதில் மட்டுமே பிழைப்பவர் விதிவிலக்கு. தட்டே இல்லாமல் யாரோ போட்ட போட்டோவைத் திருடிப் போட்டுப் பணம் பிடுங்குபவன் விஷயம் வேறு, அது மோசடிக் குற்றம். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அழைத்தால் முடக்க வாய்ப்பு உண்டு. முன்பின் தெரியாதவர் என்றால், பணம் அனுப்புமுன் அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாளைத் தட்டின் மேல் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். கையில் தட்டு இல்லாதவர் அப்போதே காணாமல் போய்விடுவார்.

புதிதாக அச்சிட்டு, சீல் வைத்து வரும் தட்டுகளிலும் குறை இருக்கும். துளை நடுவில் இல்லாமல் விலகியிருந்தால் நீண்ட சுருதிகள் அலையும். அச்சில் பிளாஸ்டிக் சரியாக நிரம்பாத இடத்தில் கிழிவதுபோன்ற ஓசை வரும், கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். இரண்டும் தயாரிப்புக் குறைகள், மாற்றிக் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி இங்கே கடையில் விற்கும் சீல் தட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை ஒட்டியிருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு இன்னொன்றைக் கேட்கிறது. ஒலிப்பதிவைத் தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு மூன்றும் தட்டிலும் உறையிலும் இருக்க வேண்டும். புதுத் தட்டில் இவை இல்லாவிட்டால் திருட்டு அச்சோ என்று சந்தேகப்படுங்கள்.

பதிப்புரிமை பற்றி வாங்குபவர்களிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தட்டு என்னுடையது, யூடியூபில் ஏற்றினால் என்ன என்று கேட்கிறார்கள். தட்டுதான் உங்களுடையது, பாட்டு அல்ல. சொந்தமாகக் கேட்பதற்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின் நியாயமான பயன்பாட்டில் சேர்க்க இடமுண்டு. ஊருக்குப் பரப்ப முடியாது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வெளியான தட்டுக்கு அது 2024-உடன் முடிந்துவிட்டது. ஆனால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள உரிமை அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டு தொடரும்.

குறை தெரிந்ததும் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வெட்டாத வீடியோ எடுங்கள். தட்டை ஓடவிட்டுக் குறை கேட்கும் இடத்தையும் பதிவு செய்யுங்கள். உங்கள் முள் சரியாக இருக்கிறதா என்பதை அதற்கு முன் பாருங்கள். தேய்ந்த முள்ளால் கெட்ட தட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 78 சுற்றுத் தட்டுக்கு அகலமான முள் தனியாக வேண்டும், அரக்குச் சேர்ந்த அந்தத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் மேல்பரப்பு கரைந்துவிடும்.

விற்றவரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் கொல்கத்தாவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணம், வட்டி, இழப்பீடு, செலவுத்தொகை எல்லாம் கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, வீட்டில் பழைய தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு. வாங்குபவரைக் காக்கும் நுகர்வோர் சட்டம், வியாபாரியிடம் விற்கும் உங்களைக் காப்பதில்லை. தாத்தா சேர்த்து வைத்த தட்டுகளை ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒருவர் கட்டி எடுத்துப் போய்விட்டால் அதோடு முடிந்தது. அதனால் காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நோட்டில் படம் அல்லது பாடகர் பெயர், கம்பெனி, லேபிளில் உள்ள எண் மூன்றையும் எழுதுங்கள், இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். பழைய நாடகம், மேடைப் பேச்சு, கோயில் நாகஸ்வரம் பதிந்த 78 சுற்றுத் தட்டு கிடைத்தால், விற்பதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகம் ஒன்றில் தயவுசெய்து விசாரியுங்கள்.