மூசியின் கீழ்க்கரை: புகைப்படக் கருவியுடன் ஒரு நடை

ஹைதராபாத் நகரைப் பற்றிய புகைப்படத் தொகுப்பு எதைப் புரட்டினாலும் மூசி ஆற்றின் ஒரு தோற்றம் அதில் இடம்பெற்றிருக்கக் காணலாம். தென்கரையில் உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்கள், வடகரையில் உஸ்மானியா மருத்துவமனை, இடையே கல்லால் கட்டிய கரைகள். இத்தோற்றம் இயல்பாக அமைந்ததன்று. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பெருகிய வெள்ளத்தில் சுமார் 15,000 பேர் மாண்டனர் என்று கூறப்படுகிறது. அதன் பின்னர் நிஜாம் அரசு பொறியியல் வல்லுநர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து ஆலோசனை பெற்றது. நகருக்கு மேற்கே உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பட்டன. 1912இல் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி வாரியம் நகரின் சீரமைப்புப் பணிகளை மேற்கொண்டது. பெரிய பொதுக் கட்டடங்களும் ஆற்றை நோக்கியே எழுந்தன. ஆறு நகரின் முகப்பாயிற்று.

அம்முகப்பு சில கிலோமீட்டர்களில் முடிந்துவிடுகிறது. அம்பர்பேட்டையைக் கடந்து கிழக்கே சென்றால், வீடுகள் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. உப்பல், பீர்ஜாதிகுடா, பிரதாபசிங்காரம் என நீளும் இவ்வடகரை, 2016 அக்டோபரில் உருவான மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மல்காஜ்கிரி நகரம் ஆற்றங்கரையில் இல்லை. இருப்புப்பாதைகள் கூடும் புறநகர் அது. ஆயினும் நிலத்தின் சரிவு மூசியை நோக்கியே செல்வதால், ஆற்றைக் காணாதவர்களும் தம் வீட்டுக் கழிவுநீரால் அதனோடு தொடர்புடையவர்களாகின்றனர். மாணவர்களும் அலுவலர்களும் கருவியைக் கையிலேந்தி இக்கரையில் நடந்து பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆனால், இங்கு எடுக்கும் படங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடலாகாது.

முதற்படத்தை நாகோல் பாலத்தில் நின்று எடுக்கலாம். கோடையிலும் ஆற்றில் நீர் ஓடுவதைப் படம் காட்டும். அனந்தகிரி மலைகளில் தோன்றி, சுமார் 240 கிலோமீட்டர் ஓடிக் கிருஷ்ணையில் கலக்கும் மூசி, மழையை நம்பிய ஆறு. முற்காலத்தில் கோடையில் வறண்டு கிடந்தது. அவ்வாறாயின் இந்நீர் எங்கிருந்து வருகிறது? மஞ்சீராவிலிருந்தும், 2004 முதல் கிருஷ்ணையிலிருந்தும், 2015 முதல் கோதாவரியிலிருந்தும் குழாய்கள் வழியே நகருக்குக் கொண்டுவரப்படும் குடிநீரே ஒருமுறை பயன்பட்டபின் இங்கு வந்து சேர்கிறது. மூன்று ஆறுகளின் நீர் நான்காவது ஆற்றின் பெயரில் ஓடுகிறது எனலாம். தடுப்பணைகளில் நீர் விழும் இடங்களில் வெண்ணுரை திரண்டு நிற்கும். சலவைத் தூளிலும் சோப்பிலும் உள்ள பொருள்கள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், காற்றோடு மோதும் நீர் நுரைக்கிறது. படத்தில் அது பனிபோல் அழகாக விழுவது ஒரு வேடிக்கை.

அடுத்த காட்சி இன்னும் ஏமாற்றக்கூடியது. பீர்ஜாதிகுடாவிலும் அதற்குக் கீழேயும் கரையோர வயல்களில் கண்ணுக்கு இதமான பசுமை. நெல் என்று தோன்றினாலும் பெரும்பாலும் அது பாரா புல். தமிழகத்தில் எருமைப்புல் என்றும் நீர்ப்புல் என்றும் வழங்குவது. தேங்கிய நீரிலும் இப்புல் வளரும். தண்டின் கணுக்களில் வேர்விட்டுப் பரவும். ஒருமுறை நட்டால் அறுக்க அறுக்கத் தழைக்கும். கழிவுநீரில் உள்ள தழைச்சத்தே உரமாகிவிடுவதால் தனியே உரமிடத் தேவையில்லை. நகரம் பெருகி நீர் கெட்டபோது நெல் விளைச்சல் குறையவே, கரையோர உழவர்கள் இப்புல்லுக்கு மாறினர். அறுத்த கட்டுகள் நகரின் எருமைக் கொட்டில்களுக்குச் செல்கின்றன. நகரம் வெளியேற்றும் நீர் புல்லாகி, புல் பாலாகி, பால் மீண்டும் நகரின் தேநீர்க் கோப்பைக்கு வந்து சேர்கிறது. புறக்கணிக்கப்பட்ட இடம் என்று நாம் குறிப்பிடும் இக்கரை, உண்மையில் நகரின் அன்றாட வாழ்வோடு இவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளது.

கீரை பயிரிடுவோர், வாழையிலை அறுப்போர், கூலிக்குப் புல் அறுக்கும் பெண்கள் எனப் பலருக்கு இந்நீர் பிழைப்பளிக்கிறது. அவர்கள் வெறுங்காலோடு நீரில் நிற்பதைப் படம் எடுக்கலாம். காலின் தோல் வழியே கொக்கிப்புழு உடலில் நுழைவதை எடுக்க முடியாது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இக்கரையில் மேற்கொண்ட ஆய்வுகளில், கழிவுநீர்ப் பாசன உழவர்களுக்குக் கொக்கிப்புழுத் தொற்று மிகுதியாக இருப்பது தெரியவந்தது. கிணறுகள் கெட்டுப் போனதையும் படம் காட்டாது. அதைக் கிணற்றுக்குரியவர் சொல்லித்தான் அறிய முடியும்.

இதே ஆய்வுகள் வேறொரு செய்தியையும் தருகின்றன. உள்ளூரார் கத்வா என்றழைக்கும் சிறு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே ஆங்காங்கே உள்ளன. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட இவற்றின் பின்னே நீர் தேங்குவதால் கசடு படிகிறது. கால்வாய் வழியே வயலுக்குச் சென்று வடிந்து திரும்புகையில் மேலும் வடிகட்டப்படுகிறது. நகருக்குக் கீழே சுமார் 40 கிலோமீட்டருக்குள் கிருமிகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிடுகிறது. எவரும் திட்டமிடாத ஒரு சுத்திகரிப்பு நிலையம் இங்கு இயங்கி வருகிறது. அதற்குரிய விலையைத் தம் உடல்நலத்தால் செலுத்துவோர் அதன் வயல்களில் வேலை செய்வோர்.

திட்டமிட்ட நிலையங்களும் உள்ளன. அம்பர்பேட்டையில் நாளொன்றுக்கு 33.9 கோடி லிட்டரும், நாகோலில் 17.2 கோடி லிட்டரும் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைந்தன. அவை போதாமையால், 2021இல் மாநில அரசு ரூ.3,866 கோடி மதிப்பில் 31 புதிய நிலையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. கரைகளை மேம்படுத்த 2017இல் தனிக் கழகம் ஒன்றும் நிறுவப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும், கரை என்றவுடன் பூங்காவும் நடைபாதையும் மட்டுமே வரைபடத்தில் எழுமாயின், புல் வயல்களும் கத்வாக்களும் வெறும் தரிசாகக் கணக்கிடப்பட்டுவிடும். நீர் தூய்மையாகட்டும், ஆனால் அந்நீர் முன்போல் கால்வாய்களுக்கும் செல்லுமா, அங்கே உழைப்போருக்கு அதில் உரிமை உண்டா என்பன வரைபடம் தீட்டும் முன்பே விடை காண வேண்டிய வினாக்கள்.

காலம் தாழ்த்துவதற்கில்லை. வயல்கள் இருந்த இடங்களில் மனைக்கற்களும், இடித்த கட்டடங்களின் செங்கல் குவியலும் காணப்படுகின்றன. வெள்ளம் பரவ வேண்டிய நிலம் இவ்வாறு மேடாக்கப்படுவதன் விளைவைச் சிந்திக்க வேண்டும். 2020 அக்டோபரில் இம்மாவட்டத்தின் கட்கேசர் பகுதியில் ஒரே நாளில் 32 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாகியது. நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின.

இங்கு நடக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. அழகான படத்தைத் தேடி அலையாமல், நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, ஆண்டுதோறும் மே மாத இறுதியிலும் அக்டோபரிலும் அதே இடத்தில் அதே திசை நோக்கி நின்று படம் எடுக்க வேண்டும். பாலத்தூண் போன்ற அசையாப் பொருள் ஒன்று ஒவ்வொரு படத்திலும் இருத்தல் நலம். நீர்மட்டத்தை அதைக்கொண்டு அளக்கலாம். நாள், நேரம், நீரின் நிறம், நாற்றம், அவ்வேளை வயலில் யார் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பவற்றைப் படத்தின் பின்புறம் எழுதிவைக்க வேண்டும். பத்தாண்டுகளில் அது வட்டாட்சியர் அலுவலகத்தின் நிலப் பதிவேட்டோடு வைத்து ஒப்புநோக்கத்தக்க ஆவணமாகிவிடும்.