மோட்டார் சைக்கிளின் பின்விளக்குகளும் மலைப்பாதையும்

மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் எரியும் விளக்குகள் அதனை ஓட்டிச் செல்பவருடைய பயனுக்காக ஏற்பட்டவை அல்ல. அவர் அவற்றைக் காண்பதும் இல்லை. முன்விளக்கு அவருக்கு வழியைக் காட்டுகிறது, பின்விளக்குகளோ, முன்பின் அறியாத ஒருவருக்கு, "நான் இங்கே செல்கிறேன், இதோ வேகத்தைக் குறைக்கிறேன், இதோ வலப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்று அறிவிக்கின்றன. ஆதலால் வீட்டு முற்றத்தில் அமர்ந்து அவ்விளக்குகளைக் கழற்றி மாற்றுபவர், தம்முடைய பொருளில் மட்டும் கை வைப்பதாக எண்ணலாகாது. பின்னால் வருபவரும் தாமும் ஒப்புக்கொண்டுள்ள ஒரு குறிமொழியிலேயே அவர் கை வைக்கிறார்.

கேரளத்தின் எல்லைப்புறங்களில் வாழும் தமிழர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அன்று. பாலக்காட்டுப் பக்கத்தில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய ஊர்களிலும், இடுக்கிப் பக்கத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பிழைப்பின் பொருட்டு அங்குச் சென்றோர்க்கு இன்று கால்களாக இருப்பது மோட்டார் சைக்கிளே. காலை நேரத்தில் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேகம் சாலையிலேயே இறங்கி நிற்கும். கொண்டை ஊசி வளைவில் முன்னே செல்லும் மோட்டார் சைக்கிளின் உருவம் ஜீப் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. அதன் பின்விளக்குதான் தெரிகிறது. அவ்விளக்கு மங்கலாயிருந்தாலும், புரியாத நிறத்தில் இருந்தாலும், ஆபத்து ஜீப்பில் இருப்பவர்களுக்கு அன்று, இருசக்கரத்தில் இருப்பவர்களுக்கே ஆகும்.

விளக்கை மாற்ற விரும்புவோர் இரு வகையினர். பழைய விளக்கு மங்கிப் போயிற்று, இன்னும் தெளிவாக எரிய வேண்டும் என்போர் ஒரு வகை. வண்டி பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்போர் மற்றொரு வகை. முதல் வகையினருக்கே இக்கட்டுரையின் பெரும்பகுதி உரியது. இரண்டாம் வகையினருக்கும் சொல்ல வேண்டியது சிறிது உண்டு.

மங்கலாக எரிகிறது என்பதற்காக உடனே புது விளக்கு வாங்கக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. மோட்டார் சைக்கிளில் பாட்டரியின் ஒரு முனையிலிருந்து கம்பி வழியே விளக்குக்குச் செல்லும் மின்சாரம், திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டத்தையே வழியாகக் கொள்கிறது. இதனையே பட்டறைகளில் 'எர்த்' என்பர். மலைப்பகுதியின் ஓயாத ஈரத்தில் அந்த எர்த் இணைப்பிலும், பல்பு அமரும் ஹோல்டரிலும் துருவும் களிம்பும் படிகின்றன. படிந்த இடத்தில் மின்சாரம் தடைப்பட, விளக்கு பாதி ஒளியே தருகிறது. ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்து, எர்த் கம்பி அமரும் இடத்தைப் பளபளப்பாக்கி இறுக்கினால், புதுப் பல்பு வாங்கியது போன்ற ஒளி பழைய பல்பிலேயே கிடைப்பதைக் காணலாம். பாலக்காட்டுச் சமவெளியில் நோய் வேறு. அங்கு வெயிலும் புழுதியும் விளக்கின் மேல்மூடியை வெளிறச் செய்துவிடுகின்றன. மூடியை மட்டும் மாற்றினால் அங்கே போதும்.

இவற்றைச் செய்தும் குறை நீங்காவிடில் எல்.இ.டி. விளக்கைப் பற்றி எண்ணலாம். இதன் நன்மையைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. பழைய பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாய்ந்து, இழை சூடேறி, முழு ஒளி பெறுவதற்கு ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. எல்.இ.டி. விளக்கோ பாய்ந்தவுடன் ஒளிர்கிறது. ஐந்தில் ஒரு விநாடி என்ன பெரிது என்று கேட்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும் வண்டி அந்நேரத்தில் மூன்று மீட்டருக்கு மேல் முன்னேறிவிடுகிறது. பிரேக் விளக்கைப் பொறுத்தவரை அந்த மூன்று மீட்டர் உயிர் காக்கும் தொலைவாகலாம்.

ஆனால் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி.யைப் பொருத்திய அன்றே பலர் வியப்படைகின்றனர். திருப்ப விளக்கு, அதாவது இண்டிகேட்டர், படபடவென்று மிக வேகமாக மின்னுகிறது. சில வண்டிகளில் மின்னாமலே நின்று எரிகிறது. இதன் காரணம் எளிது. பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு இண்டிகேட்டர் பல்பும் 12 வோல்ட், 10 வாட் அளவுடையது. ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக 20 வாட். விளக்கை அணைத்து அணைத்து எரியச் செய்யும் ஃபிளாஷர் என்னும் சிறு கருவி, இந்த 20 வாட் சுமையை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டுள்ளது. எல்.இ.டி. விளக்கு ஓரிரு வாட் அளவே உண்பது. ஆகவே ஃபிளாஷர், ஒரு பல்பு எரிந்து போய்விட்டது என்று கருதி, ஓட்டுபவரை எச்சரிக்க வேகமாக மின்னுகிறது. கருவியின் மேல் பிழையில்லை; அது தன் கடமையைச் செய்கிறது.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று, எல்.இ.டி.யோடு இணையாக ஒரு மின்தடையைச் சேர்த்து, பழைய பல்பின் சுமையைப் போலியாக உண்டாக்குவது. 12 வோல்ட்டில் 10 வாட் உண்ண ஏறத்தாழ 15 ஓம் தடை வேண்டும். ஆனால் அந்தப் 10 வாட்டும் வெப்பமாகவே வெளிப்படும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையில் 14 வோல்ட் வரை இருக்குமாதலால் வெப்பம் இன்னும் மிகும். சீட்டின் அடியில் கம்பிகளுக்கிடையே அத்தடையைச் செருகி வைத்தால் அது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இரண்டாவது பரிகாரம், சுமையைப் பொருட்படுத்தாமல் ஒரே சீராக மின்னும் மின்னணு ஃபிளாஷரை வாங்கிப் பழையதற்குப் பதிலாக வைப்பது. எத்தனை முனை உடையது என்று பழையதைப் பார்த்து வாங்கினால் போதும். இரண்டனுள் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த எல்.இ.டி. வாங்கிவிட்டு, மிச்சப்பட்டதைச் சூடாக்கி வீணடிப்பதில் பொருளில்லை.

ஃபிளாஷரை மாற்றிய பின்னும் ஒரு விந்தை சில வண்டிகளில் நிகழும். இடப்பக்கச் சுவிட்சைத் தட்டினால் நான்கு விளக்குகளும் ஒருசேர மின்னும். ஓட்டுபவரின் கண்முன் இண்டிகேட்டர் எரிவதைக் காட்டும் சிறு விளக்கு இரு பக்கத்துக்கும் ஒன்றே ஒன்றாக உள்ள வண்டிகளில்தான் இது காணப்படும். அச்சிறு விளக்கின் ஒரு முனை இடப்பக்கக் கம்பியிலும், மறுமுனை வலப்பக்கக் கம்பியிலும் இணைந்திருக்கும். இடப்பக்கம் எரியும்போது மின்சாரம் அதன் வழியே சென்று வலப்பக்கப் பல்புகளின் வழியாக எர்த்தை அடையும். பழைய பல்புகளை அச்சிறு மின்சாரம் ஒளிரச் செய்யாது. எல்.இ.டி.க்கோ அதுவே போதுமானது. எனவே சிறு விளக்கின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்து, மறுமுனைக்கு இரு பக்கக் கம்பிகளிலிருந்தும் ஒவ்வொரு டையோடு வழியாக மின்சாரம் வருமாறு செய்ய வேண்டும். டையோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் வாயில். அதன் விலை மிகச் சொற்பம்.

பழைய வண்டி வைத்திருப்போர் மற்றொன்றையும் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் பின்விளக்கு எரிந்து, எஞ்சின் நின்றதும் அணையுமாயின், அவ்விளக்குக்குப் பாட்டரியிலிருந்து மின்சாரம் வரவில்லை. எஞ்சினோடு சுழலும் காந்தத்திலிருந்து மாறுதிசை மின்சாரமாக நேரே வருகிறது என்று கொள்ளலாம். சாதாரண எல்.இ.டி. அதில் துடிதுடித்து எரியும். விரைவில் கெட்டும் போகும்.

இனி நிறத்தைப் பற்றி. கண்ணாடி மூடி நிறத்தை உண்டாக்குவதில்லை; வேண்டாத நிறங்களைத் தடுத்து, வேண்டியதை மட்டும் வெளிவிடுகிறது. டங்ஸ்டன் இழையின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பு குறைவு, நீலம் மிகுதி. ஆகவே சிவப்பு மூடியினுள் வெள்ளை எல்.இ.டி.யை வைத்தால், நீலம் முழுதும் மூடியிலேயே தடைப்பட்டு, வெளிவரும் ஒளி எதிர்பார்த்ததை விடக் குறைகிறது. சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்.இ.டி., இண்டிகேட்டர் மூடிக்குள் செம்மஞ்சள் எல்.இ.டி. என்பதே முறை. சாதாரணமாக எரியும் பின்விளக்குக்கும் பிரேக் பிடிக்கும்போது எரிவதற்கும் ஒளியில் பெரிய வேறுபாடு இருத்தல் வேண்டும். பழைய இரட்டை இழைப் பல்பில் ஒன்று 5 வாட், மற்றது 21 வாட். மலிவான எல்.இ.டி.களில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. பின்னால் வருபவர் பிரேக் பிடித்ததை உணரவே மாட்டார்.

அழகுக்காக மாற்றுவோர் செய்வன மூன்று. மூடியின் மேல் கருநிறத் தாள் ஒட்டுதல் ஒன்று. பெரிய இண்டிகேட்டரை எடுத்து விரல்நுனி அளவான விளக்கை வைத்தல் மற்றொன்று. பின் மட்கார்டை அறுத்து எல்லா விளக்குகளையும் ஓரிடத்தில் நெருக்குதல் மூன்றாவது. மூன்றிலும் கேடு மிக்கது இந்த மூன்றாவதே. செம்மஞ்சள் விளக்கு சிவப்பு விளக்கை ஒட்டியிருந்தால், பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பும்போது சிவப்பின் ஒளியில் அது மூழ்கிவிடும். ஐரோப்பிய நாடுகளின் விதி, பின்புறத்து இரு இண்டிகேட்டர்களுக்கும் இடையே குறைந்தது 180 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இக்காரணம் பற்றியே. மட்கார்டோடு எண்பலகை விளக்கும், சிவப்பு ஒளித்திருப்பியும் போய்விடுவதையும் கவனிக்க வேண்டும். பாட்டரி முற்றிலும் செத்த நிலையிலும் பின்வரும் வண்டியின் ஒளியைக் கொண்டே நம்மைக் காட்டிக்கொடுக்கும் நண்பன் அந்த ஒளித்திருப்பி ஒன்றே.

சட்டம் சொல்வதும் தெரிந்திருத்தல் நலம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இண்டிகேட்டர் செம்மஞ்சள் நிறத்தில் நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மேற்படாமலும் மின்ன வேண்டும். மேலே கூறிய படபடப்பு இந்த எல்லையைத் தாண்டுமாயின் அது குற்றமே. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அடிக்கோடிட விரும்புகிறேன். மூன்று மாற்றமாயின் 15,000 ரூபாய், அதாவது தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல வாரக் கூலி.

2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே பள்ளி மாணவர்களுடன் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னே சென்ற அரசுப் பேருந்தின் பின்புறத்தில் மோதி 9 பேர் உயிரிழந்தனர். மிகுவேகமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எனினும் அதன்பின் கேரள உயர்நீதிமன்றத்தின் பார்வை வாகனங்களில் மிளிரும் அனுமதியற்ற வண்ண விளக்குகளின் மேல் திரும்பிற்று. சாலைச் சோதனைகளும் கடுமையாயின. நீலமும் பச்சையுமாக மின்னும் விளக்குகளோடு எல்லை கடப்பவர் இதனை மனத்திற் கொள்க.

அவ்வாறாயின் பல்பை மாற்றுவதும் குற்றமா? எரிந்த பல்புக்குப் பதில் அதே வகைப் பல்பு வைப்பது பழுதுநீக்கம். அதனை யாரும் மாற்றம் என்று சொல்லார். எல்.இ.டி.யின் நிலை அத்தனைத் தெளிவானதன்று. விளக்குப் பெட்டியும் அதற்குரிய பல்பு வகையும் சேர்ந்தே அங்கீகாரம் பெறுகின்றன. ஆதலின் அதே வண்டிக்கு அதே உற்பத்தியாளர் எல்.இ.டி. விளக்கைத் துணைப்பொருளாக விற்பாராயின், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குதல் தக்கது.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பி இணைத்தல் கூடாது. வண்டிக்கு வண்டி நிறம் வேறுபடும். சோதனை விளக்கால் பார்த்தே இணைக்க வேண்டும். எல்.இ.டி.யின் முனைகளை மாற்றி இணைத்தால் அது எரியாது. கம்பிகளை முறுக்கி மேலே டேப் சுற்றுவது மலைமழையில் ஒரு பருவம் தாங்காது. ஈயப்பற்று வைத்து, சூடுகாட்டினால் சுருங்கும் குழலை மேலே போர்த்த வேண்டும். ஃபியூஸ் போய்விட்டால் அதே அளவுடையதையே இடவேண்டும். பெரியதை இட்டால் அடுத்த முறை எரிவது ஃபியூஸாக இராது, கம்பியாக இருக்கும்.

பனிமூட்டத்தில் நான்கு இண்டிகேட்டரையும் ஒருசேர மின்னவிட்டுக்கொண்டே செல்லும் வழக்கம் ஒன்று மூணாறுச் சாலைகளில் பெருகிவருகிறது. நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் வளைவில் எப்பக்கம் திரும்புகிறார் என்று அறிவிக்க அவரிடம் வேறு விளக்கு ஏது? நான்கும் மின்னுவது நின்றுவிட்ட வண்டிக்கே உரிய குறி.

வேலை முடிந்ததும் அந்தி வேளையில் வண்டியை நிறுத்தி, வீட்டார் ஒருவரை முப்பது அடி பின்னால் நிற்கச் சொல்லி, முதலில் பின்விளக்கையும், பிறகு பிரேக்கையும், பிரேக்கைப் பிடித்தபடியே இரு பக்க இண்டிகேட்டரையும் இயக்கிக் காட்டுக. கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று அவர் எண்ணட்டும். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையே இருந்தால் ஃபிளாஷர் சரியாக இருக்கிறது. பிரேக் பிடித்த கணத்தை அவர் தாமாகவே கண்டு சொல்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். கேட்டபின் சொன்னால் பல்பு போதாது.