ஆசிரியர் கூற்றும் கதையின் பொருளும்

கதையை எழுதியவர், அதன் பொருள் இஃது எனப் பின்னாளில் உரைப்பதுண்டு. அவ்வுரையே முடிந்த முடிபாகுமோ?

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-இல் ‘ஃபாரன்ஹீட் 451’ என்னும் புதினத்தை வெளியிட்டார். காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை அஃது என்பது அந்நூலின் கூற்று. அக்கதையில் வரும் தீயணைப்புப் படையினர் தீயை அணைப்பவர் அல்லர், நூல்களை எரிப்பவர். விந்தையான தொழில்தான்! அரசு நூல்களைத் தடுக்கும் கொடுமையையே இக்கதை காட்டுகிறது என்று படித்தோர் பலர் கொண்டனர். 1956-இல் வானொலியில் பேசிய பிராட்பரியும், தம் நாட்டில் நூல்கள் எரிக்கப்படுமோ என்னும் கவலையால் எழுதியதாகவே கூறினார். 2007-இலோ, தாம் கருதியது அரசின் தடையை அன்று, தொலைக்காட்சி படிப்பார்வத்தை அழிப்பதையே என்றார்.

இரண்டும் அவர் வாய்மொழியே. எதனைக் கொள்வது? நூலையே மீண்டும் புரட்டுதல் வேண்டும். கதைத்தலைவன் மாண்டாகின் மனைவி, சுவரை நிறைத்த திரைகளின்முன் தன்னை மறந்து கிடக்கிறாள். படைத்தலைவன் பீட்டி, இக்கேடு அரசாணையால் தொடங்கவில்லை, மக்களே முதலில் படிப்பைக் கைவிட்டனர் என விளக்குகிறான். இவை பிற்காலக் கூற்றுக்குச் சான்றாவன. ஆயினும், நூல் வைத்திருப்போரின் வீடுகள் சட்டத்தின் பெயராலேயே எரிகின்றன. ஆதலின், ஆசிரியரே பின்னர் மறுத்தபோதும், முற்காலக் கூற்றைத் தள்ளுதற்கில்லை.