ஒத்துவராத அந்த ஓர் எண்

இரவு மணி பத்து. ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு முனைவர் பட்ட மாணவி ஒருவர் தனியே அமர்ந்திருக்கிறார். பத்து அளவீடுகளில் ஒன்பது ஒத்துப்போகின்றன. ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது. அதை அழித்துவிட்டால் வரைபடம் அழகாகிவிடும். யார் பார்க்கப் போகிறார்கள்?

நேர்மைக்கான சோதனை தொடங்குவது இப்படிப்பட்ட சின்னத் தருணத்தில்தான்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜெர்மானிய இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன், 2001இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உலகம் வியந்தது. பிறகு, வெவ்வேறு சோதனைகளைப் பற்றிய கட்டுரைகளில் ஒரே வரைபடம் இருப்பதைச் சக ஆய்வாளர்கள் கவனித்தனர். விசாரணைக் குழு அசல் தரவைக் கேட்டது. கணினியில் இடம் போதாமல் அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. முறையான ஆய்வுக் குறிப்பேடும் இல்லை. 24 குற்றச்சாட்டுகளில் 16இல் அவர் முறைகேடு செய்தது 2002இல் உறுதியானது. வேலை போனது, பின்னர் முனைவர் பட்டமும் பறிக்கப்பட்டது.

புதியவர்களிடம் ‘பொய் சொல்லாதே’ என்றால் மட்டும் போதாது. பழக்கங்களைக் கற்றுத்தர வேண்டும். அசல் கோப்பில் கைவைக்கக் கூடாது, கணக்கெல்லாம் நகலில்தான். எந்த அளவீட்டை ஒதுக்கலாம் என்ற விதியை முடிவைப் பார்க்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். ஒதுக்கியதைக் காரணத்தோடு கட்டுரையில் சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

2010இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வு நேர்மை குறித்த இரண்டாம் உலக மாநாட்டில் உருவான ‘சிங்கப்பூர் அறிக்கை’, நான்கு கொள்கைகளையும் 14 பொறுப்புகளையும் முன்வைக்கிறது. மற்றவர்கள் சரிபார்க்கவும் மீண்டும் செய்து பார்க்கவும் ஏற்றவாறு பதிவுகளை வைத்திருப்பது அவற்றுள் ஒன்று.

வழிகாட்டும் பேராசிரியருக்கும் இதில் பங்குண்டு. “ஏன் இன்னும் சரியாக வரவில்லை?” என்று கேட்பவரிடம் மாணவர் பயப்படுவார். “என்ன வந்தது, காட்டுங்கள்” என்று கேட்பவரிடம் உண்மையைச் சொல்வார்.

வீட்டிலும் அப்படியே. பிள்ளையின் அறிவியல் பாட வேலைக்காக ஊன்றிய பச்சைப்பயறு முளைக்கவில்லையா? பக்கத்து வீட்டுச் செடியைப் படமெடுத்து ஒட்ட வேண்டாம். “முளைக்கவில்லை என்றே எழுது, ஏன் என்று பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.

அந்த ஓர் எண் கருவியின் கோளாறாக இருக்கலாம். புதிய கண்டுபிடிப்பின் முதல் தடயமாகவும் இருக்கலாம். அழித்துவிட்டால் இரண்டுமே தெரியாமல் போய்விடும்.