தனித்த ஓர் அணுவும் காலக் கணிப்பும்

கொச்சிக்கடைக்கு அணித்தாயுள்ள கொழும்புத் துறைமுகத்தை நாடிவரும் கப்பல்கள், செய்மதிகள் விடுக்கும் காலக் குறிப்புக்களைக் கொண்டே நடுக்கடலில் தம் இருப்பிடத்தை அறிகின்றன. அச்செய்மதிகளில் அமைந்தவை அணுக்கடிகாரங்கள். காலத்தை மேன்மேலும் நுட்பமாக அளத்தல் வேண்டும் என்னும் நாட்டமே, குவாண்டம் கணனி என்னும் புதுப்பொறிக்கும் வழிகோலிற்று. இவ்வுண்மையை அமெரிக்கப் பௌதிகவியலறிஞர் டேவிட் வைன்லண்டின் ஆராய்ச்சி வாழ்வு நன்கு புலப்படுத்துகின்றது.

தனியோர் அணுவை வைத்து எவரும் பரிசோதனை செய்வதில்லை என 1952 இல் எழுதினார், குவாண்டம் கொள்கையை வகுத்தோருள் ஒருவராகிய சுரோடிங்கர். அக்காலத்தில் அக்கூற்றை மறுப்பார் இலர். 1944 இற் பிறந்த வைன்லண்ட், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நோமன் ராம்சேயின் மாணவராய் 1970 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஹான்ஸ் டெமெல்ற்றின் ஆய்வுகூடத்திற் சேர்ந்து, 1973 இல் தனியோர் இலத்திரனைச் சிறைப்படுத்துவதில் அவருடன் வெற்றி கண்டார். 1975 இல் அமெரிக்கத் தேசிய நியம நிறுவனத்தின் போல்டர் நகர ஆய்வுகூடத்தை அடைந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் பணி அங்கேயே நிகழ்ந்தது.

இலத்திரனை இழந்தமையால் மின்னேற்றம் பெற்ற அணுவே அயன் எனப்படும். மாறாத மின்மண்டலம் எதனாலும் அயனை வெற்றிடத்தில் அசையாது நிறுத்தல் இயலாது. குதிரைச் சேணத்தின்மீது வைத்த உருண்டை போல அது ஒரு பக்கம் வழுவிவிடும். உருண்டை வழுவுமுன் சேணத்தைச் சுழற்றின் அது நடுவே நிற்கும். இவ்வாறே, விரைந்து மாறும் மின்மண்டலத்தால் அயனைத் தாங்கும் பொறியை வொல்ஃப்காங் பவுல் அமைத்தார். பவுல், டெமெல்ற், ராம்சே ஆகிய மூவரும் 1989 இல் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சிறைப்பட்ட அயனும் ஓயாது துடிக்கும். துடிக்கும் அணு செம்மையான கடிகாரமாகாது. ஒளியை எதிர்த்து வரும் அயன் மாத்திரம் உறிஞ்சத்தக்கவாறு லேசரின் மீடிறனைச் சிறிது குறைத்துவிடின், உறிஞ்சுந்தோறும் அயன் எதிர்த்தள்ளல் பெற்று வேகங் குன்றும். வைன்லண்டும் டெமெல்ற்றும் 1975 இற் கூறிய இம்முறையை, 1978 இல் வைன்லண்டின் குழுவினர் மகனீசியம் அயன்களிற் செய்து காட்டினர்.

சாதாரண கணனியின் அலகு, சுழி அல்லது ஒன்று என்னும் நிலைகளுள் ஒன்றையே கொள்ளும். குவாண்டம் அலகோ இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கவல்லது. அத்தகைய கணனி பேரெண்களை விரைந்து காரணிப்படுத்தும் என 1994 இல் பீற்றர் ஷோர் நிறுவினார். ஒன்றையொன்று தள்ளும் அயன்களின் கூட்டு அசைவைக் கொண்டு அதனை அமைக்கலாம் என 1995 இல் சிராக்கும் சொல்லரும் வழி கூறினர். அதே ஆண்டில், கிறிஸ்தோபர் மன்றோவும் வைன்லண்டும் தங்கள் குழுவினருடன், ஒரே பெரிலியம் அயனின் உள்நிலையையும் அசைவையும் ஈரலகுகளாகக் கொண்டு, ஒன்றன் நிலைக்கேற்ப மற்றொன்றை மாற்றும் தருக்கச் செயலை நிகழ்த்தினர். இத்துணை விரைவு எவ்வாறு கூடிற்று? பொறியும் லேசரும் குளிர்விக்கும் திறனும் கடிகாரத்தின் பொருட்டு முன்னரே கைவந்திருந்தன.

இங்குத் தமிழர் கருதத்தக்க செய்தியொன்றுண்டு. அவ்வயனை இயக்கியது இருகற்றை லேசரொளியால் தூண்டப்பெறும் இராமன் சிதறல் முறையாகும். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் 1928 இல் கல்கத்தாவிற் கண்ட விளைவே அதற்கு மூலம். திரவங்களில் ஒளி சிதறுமாற்றை ஆராய்ந்த அவர்கள் கணனியை எண்ணினாரல்லர்.

கணனிக்கெனக் கண்ட வித்தை மீளவும் கடிகாரத்திற்கு உதவிற்று. அலுமினியம் அயன் சிறந்த காலங்காட்டி. ஆயின் அதனைக் குளிர்விக்க வேண்டிய ஒளி காற்றினாலேயே உறிஞ்சப்படும் இயல்பினது. 2005 இல் வைன்லண்டின் குழுவினர் பெரிலியம் அயனை அதற்குத் துணையாக்கினர். துணை அயன் அதனைக் குளிர்வித்ததோடு, அதன் நிலையைத் தருக்கச் செயலால் அறிந்தும் உரைத்தது. 2010 அளவில் இவ்வகைக் கடிகாரத்தின் பிழை, ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகளுக்கு ஒரு செக்கனாகக் குறைந்தது. ஒரு கடிகாரத்தை 33 சதமமீற்றர் உயர்த்த அது சற்றே விரைந்தோடுவதையும் அவர்கள் அளந்தனர். ஐன்ஸ்டைனின் கொள்கை ஒரு முழ உயரத்துள் மெய்ப்பட்டது. 2012 இல் வைன்லண்ட், சேர்ஜ் அறோஷுடன் நோபெற் பரிசு பெற்றார்.

அயன்கள் பலவாகுந்தோறும் சூழலின் சிறு குலைவும் கணிப்பைக் கெடுக்கும். அவற்றைச் சிறு அறைகளிற் பிரித்து, வேண்டியபோது நகர்த்திச் சேர்க்கும் திட்டத்தை 2002 இல் வைன்லண்டும் கூட்டாளிகளும் வெளியிட்டனர். இன்றைய அயன் கணனிகள் சில அவ்வழியே செல்கின்றன. எனினும் பெருங்கணிப்புக்களைப் பிழையின்றி முடிக்கும் பொறி இனித்தான் எழுதல் வேண்டும்.

பயன் யாதென முன்னரே வினவி ஆய்வைத் தெரிவோர், வைன்லண்ட் நடந்த பாதையிற் கால்வைத்திரார். அளவையில் ஒரு தானமேனும் திருத்தம் காணப் பல்லாண்டு உழைத்தவர்க்கே, தேடாத பொருளும் கிட்டிற்று. ஆய்வுகூடத்தில் அளவையின் கடைத்தானத்தை அசட்டை செய்யும் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று.