'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று ஒரு மெசேஜ் போதுமா? பணிநீக்கக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

"நாளையிலிருந்து வர வேண்டாம். கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்."

சின்னக் கடைகளில் பலருக்கு வேலை போவது இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜில்தான். கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால், இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி நீட்டுவார்கள். ஏன் அனுப்புகிறார்கள் என்பது பெரும்பாலும் இரண்டிலுமே இருக்காது.

ஆனால், சட்டம் முதலில் தேடுவது அந்த 'ஏன்' என்பதைத்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதங்கள் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, விசாரணை நடத்தி, அதில் போதிய ஆதாரம் பதிவாகியிருந்தால் மட்டுமே முன்னறிவிப்பு தேவையில்லை. வேலையை இழந்தவர் 'காரணம் நியாயமானதல்ல' என்றோ, 'நான் அந்தத் தவறைச் செய்யவில்லை' என்றோ மேல்முறையீடும் செய்யலாம்.

ஒரு வார்த்தை செய்யும் வேலை

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் 8,000 ரூபாய் குறைகிறது. முதலாளிக்கு கேஷியர் மேல் சந்தேகம். விசாரணை எதுவும் இல்லாமல், 'தங்களின் நேர்மையற்ற நடத்தை காரணமாக' என்று எழுதி அனுப்பிவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையால் கடிதம் தண்டனையாக மாறிவிடுகிறது. விசாரிக்காமல் தண்டித்தது ஏன் என்ற கேள்விக்கு முதலாளியிடம் பதில் இருக்காது. கேஷியரின் நிலைமை இன்னும் மோசம். அடுத்த கடையில் வேலை கேட்கும்போது இந்தக் காகிதத்தை எப்படிக் காட்டுவார்? தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் என்றாலும், களங்கம் சுமத்தும் கடிதத்தை விசாரணை இல்லாமல் தர முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

பாவம் பார்த்து 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று மழுப்புவதும் உதவாது. நாளை மேல்முறையீட்டில் 'அவர் பணம் எடுத்தார்' என்றால், அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்றுதானே கேட்பார்கள்?

முறையான வழிக்குச் சில வாரங்கள் பிடிக்கும். எந்தத் தேதியில், எவ்வளவு குறைந்தது என்று எழுதி விளக்கம் கேட்க வேண்டும். பதில் தர அவகாசம் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டியவரே நீதிபதியாக உட்காராமல், வேறொருவர் இரு தரப்பையும் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். கடைசிக் கடிதத்தில் இந்தத் தேதிகளும் விசாரணையின் முடிவும் இருந்தால் போதும். 'ஏமாற்றுப் பேர்வழி', 'நம்பிக்கைத் துரோகி' போன்ற அடைமொழிகள் வேண்டாம்.

தவறே இல்லாதபோது...

கிளையை மூடுகிறார்கள், வியாபாரம் இல்லை என்றால் அதை அப்படியே எழுதலாம். நேர்மையான ஒரு கடிதம் இவ்வளவுதான்:

'தாங்கள் 2020 ஜூன் 1 முதல் எங்கள் கடையில் விற்பனையாளராகப் பணிபுரிந்து வருகிறீர்கள். இந்தக் கிளையை மூடுவதால், தங்கள் பணி 2026 ஜூலை 31-உடன் முடிவடைகிறது. இது தங்கள் வேலையிலோ நடத்தையிலோ உள்ள குறையால் அல்ல. சேர வேண்டிய தொகைகளின் விவரம் கீழே உள்ளது.'

அந்த மூன்றாவது வாக்கியத்தைப் பலரும் எழுதுவதில்லை. அடுத்த வேலைக்குப் போகும்போது அவருக்குக் கைகொடுப்பது அதுதான்.

தொகைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும். சம்பள பாக்கியை வேலையை விட்டு நீக்கிய இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும் என்கிறது, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து வருடங்கள் முடித்தவருக்கு பணிக்கொடையும் உண்டு. கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். வருடத்துக்கு 7,500 ரூபாய். மேலே உள்ள விற்பனையாளருக்கு ஆறு வருடங்களுக்கு 45,000 ரூபாய். ஆள்குறைப்பு இழப்பீடு இது தவிர.

மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணுக்கு, அந்த விடுப்பைக் காரணமாக வைத்து இப்படி ஒரு கடிதம் எழுதவே கூடாது. அது சட்டவிரோதம்.

கையெழுத்துப் போடலாமா?

கடிதம் தமிழில் இருப்பது நல்லது. வாங்குபவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் எழுதி யாருக்கு லாபம்? வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை பத்திரப்படுத்த வேண்டும். வாங்குபவர் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்திடலாம். அதனால் பணிநீக்கத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கவனமாக இருக்க வேண்டியது வேறொரு காகிதத்தில்தான். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, உங்க பேருக்கும் நல்லது" என்று அன்பாகச் சொல்லி நீட்டுவார்கள். அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் முன்னறிவிப்புச் சம்பளமும் ஆள்குறைப்பு இழப்பீடும் கேட்க முடியாது. 'வற்புறுத்தி வாங்கினார்கள்' என்று நிரூபிக்கும் வேலையும் ஊழியர் தலையில்தான் விழும்.