புற்றுக்குள் இருக்கும் ஈரம்

“அண்ணே, சட்டை துண்டு துண்டா வருது. எலி வச்சாலும் தொட மாட்டேங்குது. ரெண்டு வியாதியா?” இலுப்பூர் டீக்கடையில் ஒரு தம்பி செல்போனை நீட்டிக் கேட்டார். படத்தில் இருந்தது பால் பைத்தான். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. முதுகில் காய்ந்த தோல் திட்டுத் திட்டாய் ஒட்டியிருந்தது. வால் நுனியில் பழைய தோல் ஒரு வளையமாய் இறுகிக் கிடந்தது. வியாதி பாம்பிடம் இல்லை, அது இருக்கும் பெட்டியில் இருக்கிறது என்றேன். டீயோடு பேசியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல பாம்பு, சாரை, மண்ணுளி என்று நம் மண்ணில் ஊரும் எந்தப் பாம்பையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனமென்றால், 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தத் தம்பியிடம் காகிதம் இருந்தது. எல்லோரிடமும் இருப்பதில்லை. 2023 ஜூலையில், கோலாலம்பூரிலிருந்து வந்து நம் பக்கத்துத் திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அப்படி அடைபட்டு வரும் உயிர் தண்ணீர் வற்றித்தான் கை மாறுகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்குவது கொடுமைக்குக் காசு கொடுப்பது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சட்டைக்கு வருவோம். வளர்வதற்காகத்தான் பாம்பு சட்டை உரிக்கிறது என்பது பாதி உண்மை. வளர்ச்சி நின்ற கிழப் பாம்பும் உரிக்கும், ஏனென்றால் தோலின் மேலடுக்கு தேய்கிறது. அதற்கு மாற்று வேண்டும். பழைய அடுக்குக்குக் கீழே புது அடுக்கு முழுதாய் உருவானதும் இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும். அந்த நாட்களில் உடம்பு நிறம் மங்கும், பால் பைத்தானுக்கு வயிறு இளஞ்சிவப்பாகும், கண் நீலம் பாய்ந்து கலங்கும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி புகும் ஒரு செதில். அதுவும் தோலின் பகுதிதான், அதுவும் உரியும். அப்போது அதற்குப் பார்வை சரியிருக்காது. தொட்டால் சீறும், இரையைச் சீண்டாது. சில நாளில் கண் தெளிந்துவிடும். எல்லாம் முடிந்தது என்று நாம் நினைப்போம்; உண்மையான உரிப்பு அதற்குப் பின் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வரும். மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ உரசி உதட்டோரத்தில் தோலைக் கிளப்பும். பிறகு முன்னால் ஊர ஊர, தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றுவதுபோல் சட்டை பின்னால் தங்கிவிடும்.

நல்ல சட்டை ஒரே துண்டாக இருக்கும். பாம்பைவிட நீளமாகவும் இருக்கும், செதில்களுக்கு இடையில் மடிந்திருந்த தோலும் விரிந்துவிடுவதால். கூரை ஓட்டிலோ வைக்கோல் போரிலோ கிடைக்கும் சட்டையைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெளிச்சத்தில் பிடித்து அதன் தலைப் பக்கத்தைப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் மெல்லிய வட்டச் சில்லு இரண்டு, உடையாமல் அப்படியே இருக்கும். இவ்வளவு நுணுக்கமான வேலையை ஒரு பாம்பு கை கால் இல்லாமல் செய்து முடித்திருக்கிறது! வளர்ப்புப் பாம்பின் சட்டையிலும் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டு சில்லுகளைத்தான். ஒன்று குறைந்தால் அது இன்னும் கண்ணில் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

நடுவில் ஊறும் அந்தத் திரவத்துக்கு உடம்பில் நீர் வேண்டும்; உரிந்து முடியும்வரை பழைய தோல் விறைக்காமலிருக்கச் சுற்றிலும் ஈரக்காற்று வேண்டும். பெரும்பாலான கிழிசல் இங்கே தொடங்குகிறது. பால் பைத்தானின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகள். கோடையில் அங்கேயும் மேல்மண் நம் இலுப்பூர்ச் செம்மண் போலவே வெடித்துக் கிடக்கும். ஆனால் பாம்பு மேலே இருப்பதில்லை. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் முடங்கிக் கிடக்கிறது. வெளியே அனல் அடித்தாலும் புற்றுக்குள் ஈரம் நிற்கும். நம் நல்ல பாம்பு புற்றைத் தேடிப் போவதற்கும் இது ஒரு காரணம். கண்ணாடித் தொட்டி வாங்கினோம், விளக்கு வாங்கினோம், தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். புற்றை மட்டும் வைக்கவில்லை.

அந்தத் தம்பியிடம் சட்டை எந்த மாதம் நன்றாக வந்தது என்று கேட்டேன். ஐப்பசியில் ஒரே துண்டாக வந்ததாம். பங்குனியிலும் ஆடியிலும் கிழிந்ததாம். அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கிறது. ஆடிக் காற்று கண்மாய்த் தண்ணீரையே உறிஞ்சும்போது பாம்புத் தோலை விடுமா? போதாததற்குத் தொட்டிக்கு மேலே மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்ததாம்.

செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாத வேலை. குயவரிடம் ஒரு சின்ன மண்பானை வாங்கி, பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டையின் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மழுக்க வேண்டும். உள்ளே தென்னைநார்க் கழிவுத் தூளை நனைத்துப் பிழிந்து போடுங்கள். கையில் அழுத்தினால் சொட்டக் கூடாது. தொட்டி முழுக்க ஈரமாக்கிவிடாதீர்கள். ஓயாத ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் கிளம்பும். பானைக்குள் ஈரம், வெளியே காய்ந்த தரை, எது வேண்டுமோ அதைப் பாம்பே எடுத்துக்கொள்ளும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும் விஷம் எடுக்கக் கொண்டுவரும் பாம்புகளை மண்பானையில்தான் வைக்கிறார்கள். விஷம் எடுத்த பாம்பின் வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விடுவார்கள். சில முறை சட்டை உரித்ததும் அந்த அடையாளம் மறைந்துபோகும்.

ஏற்கெனவே ஒட்டிய தோலை நகத்தால் கிள்ளி எடுக்கக் கூடாது. இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் உடம்பில் பாதி உயரம், அரை மணி நேரம், பக்கத்திலேயே ஆள். பிறகு ஈரத்துணியைக் கைக்குள் தளர்வாகப் பிடித்து அதன் வழியே ஊர விட்டால் தோல் தானே கழன்று வரும். வால் நுனி வளையத்தை அலட்சியப்படுத்தினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகி விழும். கண் சில்லைத் தொடவே வேண்டாம். ஈரம் சரியானால் அடுத்த சட்டையோடு அது வந்துவிட வாய்ப்பு அதிகம். வராவிட்டால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கண்ணே போய்விடும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளியாய்ப் பூச்சிகள் செத்துக் கிடந்தால் அது உண்ணி. உண்ணி இருந்தாலும் சட்டை கெடும், ஈரம் எவ்வளவு இருந்தாலும்.

இனி இரை. பாம்புக்குப் பால் இரையே அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், அதைத்தான் நாம் பால் குடிப்பதாகப் பார்க்கிறோம். அந்தப் பால் அதற்குச் செரிக்காது. கறிக்கடைக் கோழித் துண்டும் போதாது. முழு எலிக்குள் எலும்பின் சுண்ணாம்பு இருக்கிறது, ஈரலின் வைட்டமின் இருக்கிறது, குடலும் மயிரும்கூட இருக்கின்றன; பாம்பின் உடம்பு அந்த முழுமைக்குப் பழகியது. அளவு எளிது: பாம்பின் நடுவயிறு எவ்வளவு பருமனோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும்.

வயலில் பிடித்த எலி இலவசமாகக் கிடைக்கிறதே என்றார் தம்பி. வேண்டவே வேண்டாம். நம் பக்கம் வரப்பில் எலி மருந்து வைக்காத வயல் எது? மருந்து தின்ற எலி எல்லாம் உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும், அதுதான் சுலபமாகக் கையில் சிக்கும். மருந்து அதன் ஈரலோடு பாம்புக்குள் போகும். வளர்ப்பு வெள்ளெலியை, அதிலும் உறைய வைத்ததை வாங்குங்கள். உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

உறைந்த எலியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவெல்லாம் வைத்து இளக்கி, பையோடு வெந்நீரில் போட்டு உயிரெலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணர்பவை. ஆறிப்போன எலியை அது இரையாகவே மதிக்காது. தொட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி, மறுமுனை 26 என்று இருக்கட்டும். குளிர்ந்து கிடந்தால் தின்றது செரிக்காமல் கக்கிவிடும். சித்திரையில் இங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் விளக்கே தேவையில்லை, நிழலும் குளிர்ந்த மூலையும்தான் தேவை. தின்றபின் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் சாப்பிடவில்லை என்றால்? கண் கலங்கியிருந்தால் சட்டை முடியும்வரை காத்திருங்கள். ஒளிய இடமில்லாத பாம்பு பயத்திலேயே இரை எடுக்காது. அந்தத் தம்பியின் பாம்புக்கு முக்கியக் குறை அதுதான், சட்டை, இரை இரண்டுக்கும் அந்தப் பானையே மருந்து. வளர்ந்த பால் பைத்தான், அதிலும் ஆண், இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது வழக்கம். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடை நின்றால் பொறுத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு முட்டித் தெரிந்தாலோ, வாயில் நுரை தட்டினாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நமக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். காற்றுப் போகும் பருத்திப் பையில் போட்டு, பையை ஒரு பெட்டிக்குள் வைத்து, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். பதிவுக் காகிதத்தையும் எடை நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.